காஞ்சிபுரம் பட்டு முதல் காயம் ஆற்றும் ஜெல் வரை... யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் இன்றும் குழித்தறிகளைப் பார்க்கலாம். நெசவாளர் தரையோடு தரையாக உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு, மிதிப்பலகையை மிதித்துக்கொண்டே இருப்பார். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை இதுதான் வேலை. கைக்கு எவ்வளவு வேலையோ, அவ்வளவு வேலை காலுக்கும் உண்டு.

அந்தக் காலில் ஒரு சின்னக் கீறல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு நாலு நாளில் ஆறிவிடும். சர்க்கரை நோய் இருப்பவருக்கு அப்படியில்லை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கீறல் விழுந்ததே தெரியாது. ரத்த ஓட்டமும் சரியில்லை என்றால் புண் ஆறாது, கிருமி புகுந்துவிடும். சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரை ரத்தம் வழியாகத்தான் புண்ணுக்குப் போக வேண்டும். ரத்தமே சரியாகப் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? முற்றினால் விரலையோ, காலையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரும். தறியில் உட்காருபவருக்குக் கால் போனால் பிழைப்பே போன மாதிரி.

இதற்கு விஞ்ஞானிகள் தேடும் வழிகளில் ஒன்று, மருந்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு புண்ணின் மீதே கொஞ்சம் கொஞ்சமாக விடும் ஜெல் கட்டு. அதன் பெயர் ஹைட்ரஜெல். இந்த ஜெல்களில் பல, காலஜன் என்ற புரதத்தால் ஆனவை. அந்தக் காலஜனின் உள்ளமைப்பு எப்படி இருக்கும் என்று உலகத்துக்குச் சொன்னது லண்டனோ நியூயார்க்கோ இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து அதிகத் தூரம் இல்லாத சென்னை கிண்டி!

சொன்னவர் ஜி.என்.ராமச்சந்திரன். உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுக்க இந்தப் பெயரைக் கடந்துதான் போகிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி. அவருடைய கதையைப் பார்ப்போம்.

'ஜி' என்றால் கோபாலசமுத்திரம்

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். இதுதான் முழுப் பெயர். கோபாலசமுத்திரம் என்பது திருநெல்வேலி மாவட்டத்து ஊர். ஆனால் அவர் பிறந்தது கேரளாவின் எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8-ம் தேதி. அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர், பிறகு முதல்வர். அம்மா லட்சுமி அம்மாள். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் என்பதால் எண்கள் அவருக்கு விளையாட்டுப் பொருள் மாதிரி ஆகிவிட்டன. பிற்காலத்தில் அவர் செய்த பெரிய வேலைகள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்குப் புத்திதான் கைகொடுத்தது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்தார். 1942-ல் பட்டம் வாங்கியபோது சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே முதல் இடம். அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்தது இயற்பியலில் இல்லை, மின்பொறியியலில்!

சர் சி.வி.ராமன் கண்ணில் பட்ட மாணவர்

அப்போது அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன். ராமச்சந்திரனின் திறமை அவர் கண்ணில் பட்டது. மின்பொறியியல் துறைக்கு இந்தப் பையன் கொஞ்சம் அதிகப்படியான புத்திசாலி என்று அந்தத் துறைத் தலைவரிடமே சொல்லி, தன் துறைக்கு இழுத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, மின்பொறியியல் மாணவர் இயற்பியல் மாணவர் ஆனார். ராமனின் வழிகாட்டலில் படிகங்களைப் பற்றி ஆராய்ந்தார். 1947-ல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது.

அடுத்து கேம்பிரிட்ஜ். புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள். எக்ஸ்ரே கதிர்களைப் படிகத்தின் மீது பாய்ச்சி, அவை சிதறும் விதத்தை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் கலையில் கை தேர்ந்தார். 1949-ல் பி.எச்டி. முடித்துவிட்டு இந்தியா திரும்பினார். இந்த கேம்பிரிட்ஜை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பெரிய தலைவலி பின்னால் அங்கிருந்துதான் வரப்போகிறது.

30 வயதில் துறைத் தலைவர்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்போது துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறைக்கு ஒரு நல்ல தலைவர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். முதலில் ராமனையே அழைத்தார். ராமன் வரவில்லை. தனக்குப் பதிலாக ராமச்சந்திரன் பெயரைச் சொன்னார். 1952-ல் ராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போதுதான் 30 வயது ஆகிறது.

துறை இருந்தது கிண்டியில். பெரிய கருவிகள் கிடையாது. எந்தப் பிரச்னையைக் கையில் எடுப்பது என்பதும் முடிவாகவில்லை. அந்த நேரத்தில் பிரிட்டனின் பிரபல விஞ்ஞானி ஜே.டி.பெர்னல் சென்னைக்கு வந்தார். பேச்சுவாக்கில் காலஜனைப் பற்றிச் சொன்னார். அதன் அமைப்பு என்று அதுவரை பலர் சொன்ன எதுவும் சரியாகப் பொருந்தவில்லை, அது இன்னும் புதிராகவே இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ராமச்சந்திரனுக்கு அது போதும்.

காலஜன் அப்படி என்ன முக்கியம்?

நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் காலஜன்தான். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு என்று உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் எல்லா இடத்திலும் அது இருக்கிறது. காயம் ஆறுவது என்றால் என்ன? கிழிந்த இடத்தில் உடம்பு புதிதாகக் காலஜனை நெய்து மூடுகிறது, அவ்வளவுதான். ஆறிய பின் தெரியும் தழும்பு, அந்த நெசவு சற்றே வேறு மாதிரி அமைந்ததன் அடையாளம்.

வைட்டமின் சி இல்லாவிட்டால் உடம்பால் உறுதியான காலஜனைச் செய்ய முடியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் இருந்து ஸ்கர்வி நோய் வந்த மாலுமிகளுக்கு, எப்போதோ ஆறிப்போன பழைய புண்கள்கூடத் திரும்பப் பிளந்துகொண்டன.

கங்காரு வாலும் பக்கத்து வீடும்

ஆராய்ச்சிக்கு நல்ல காலஜன் வேண்டுமே, எங்கே போவது? விடை பக்கத்திலேயே இருந்தது. அடையாறில் 1948 முதல் இயங்கி வரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றாலே காலஜன்தானே! ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தமிழ்நாட்டின் தோல் தொழிலுக்கு உதவுவதற்காக அமைந்த நிறுவனம், அடிப்படை அறிவியலுக்கும் உதவியது. அங்கிருந்து கிடைத்த மாதிரிகளில் சிறப்பானது ஒரு விசித்திரப் பொருள்: கங்காரு வாலின் தசைநாண். அதில் காலஜன் இழைகள் ஒரே சீராக இருந்ததால் எக்ஸ்ரே படம் தெளிவாக விழுந்தது.

ராமச்சந்திரனும் அவருடன் ஆராய்ந்த கோபிநாத் கர்தாவும் படங்களை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு துப்பு அவர்களுக்குப் பிடிபட்டது. காலஜனில் இருக்கும் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. இது தற்செயலாக இருக்க முடியாது, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

ஏன் மூன்றாவது இடம்? மூன்று இழைகள் சேர்ந்து ஒரு கயிறு என்றால் நடுவில் இடமே இருக்காது. அந்த இண்டில் நுழையக்கூடிய அளவு சிறியது கிளைசின் மட்டும்தான். இழை சுற்றி வரும்போது ஒவ்வொரு மூன்றாவது அமிலமும் நடுப்பக்கம் திரும்பும். அந்த இடத்தில் கிளைசின் இருந்தால்தான் மூன்றும் நெருக்கமாகச் சேரும். கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது!

1954 ஆகஸ்ட்டில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. காலஜன் என்பது மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்றது அது. அடுத்த ஆண்டு அதைத் திருத்தினார்கள். மூன்று இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நிற்கவில்லை, ஜடை பின்னியது போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். நிலா பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே சுற்றி வருவதை யோசித்தபோதுதான் இந்த முறுக்கு ராமச்சந்திரனுக்குப் பிடிபட்டது என்று சொல்வதுண்டு. கிளைசின் எப்போதும் கயிற்றின் நடுவைப் பார்த்தபடியே சுற்றுகிறது, இல்லையா? அதே கதைதான்.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த எதிர்ப்பு

இங்கேதான் சிக்கல். 1955-ல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடித்த அதே கிரிக்தான். அவர் இருந்தது ராமச்சந்திரன் பி.எச்டி. செய்த அதே கேவண்டிஷில். மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படையை அவர்களும் ஏற்றார்கள். ஆனால் ராமச்சந்திரன் மாதிரியில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன, அதனால் அது நிற்காது என்றார்கள். இழைகளைப் பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் வித்தியாசம். இந்த ஒரு விஷயத்தில் பிற்கால அறிவியல் ரிச்-கிரிக் பக்கமே சாய்ந்தது.

கேம்பிரிட்ஜின் பெயருக்கு இருந்த எடை கிண்டிக்கு இல்லை. பாராட்டில் பெரும்பங்கு அந்தப் பக்கம் போனது. ராமச்சந்திரனுக்கு அது வலித்தது. வேறு யாராவது இருந்தால் மனம் கசந்து வேறு வேலை பார்த்திருப்பார்கள். அவர் எடுத்தது வேறு வழி. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்கிறார்களே, அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? எதுவரை சரி, எங்கே தப்பு? இதை யாராவது ஒழுங்காக அளந்திருக்கிறார்களா? அளக்கவில்லை. சரி, நாமே அளப்போம் என்று இறங்கினார்.

திட்டியதால் பிறந்த வரைபடம்

அவருடன் வி.சசிசேகரனும் சி.ராமகிருஷ்ணனும் சேர்ந்தார்கள். அதுவரை வெளியான படிக ஆய்வுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொரு ஜோடி அணுக்களும் எவ்வளவு தூரம் நெருங்க முடியும் என்று பட்டியல் போட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. மேஜைக் கணக்கு இயந்திரத்தைத் தட்டித் தட்டித்தான் அத்தனை கணக்கும்.

புரதம் என்பது நீளமான சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்கள் உண்டு. ஒன்றுக்கு பை, இன்னொன்றுக்கு சை என்று பெயர். நம் கை முழங்கையிலும் மணிக்கட்டிலும் மடங்கும், ஆனால் எல்லாப் பக்கமும் மடங்காது அல்லவா? அதுபோல இந்தக் கோணங்களும் எல்லா அளவிலும் திரும்ப முடியாது. அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எந்தெந்தக் கோணங்களில் முட்டாது என்று ஒரு சதுரத்தில் குறித்தார்கள். சதுரத்தின் பெரும்பகுதி நுழையக் கூடாத இடமாகவும், சில தீவுகள் மட்டும் நுழையலாம் என்றும் வந்தது.

1963-ல் இது வெளியானது. அதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றும் உலகில் எங்கே ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா தவறா என்று சோதிக்க இந்த வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். கோணங்கள் தீவுக்கு வெளியே நிறைய விழுந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். கிரிக்கின் விமர்சனம் வராமல் இருந்திருந்தால் இந்த வரைபடம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்!

காஞ்சிப் பட்டு இதில் எங்கே வருகிறது?

இந்த வரைபடத்திலேயே வருகிறது. பட்டு நூலும் புரதம்தான். பைப்ராயின் என்று பெயர். அதில் கிளைசின் ஒன்று விட்டு ஒன்று வரும். ராமச்சந்திரன் வரைபடத்தில் பட்டின் கோணங்கள் ஒரு தீவில் விழும். அங்கே சங்கிலிகள் நீட்டிப் படுத்துத் தகடு தகடாக அடுக்கிக்கொள்ளும். காலஜனின் கோணங்களும் அதே பகுதியில்தான், ஆனால் சற்றுத் தள்ளி விழும். அங்கே அவை முறுக்கிக்கொள்ளும். சின்னக் கோண வித்தியாசம், ஒன்று முந்தானை ஆகிறது, இன்னொன்று தோல் ஆகிறது.

கச்சாப் பட்டை அப்படியே நெய்ய மாட்டார்கள். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து, அதன் மேலிருக்கும் பசையை எடுத்துவிட்டுத்தான் சாயம் ஏற்றுவார்கள். செரிசின் என்ற அந்தப் பசை, கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். அதுவும் புரதமே. சேலைக்கு வேண்டாத இந்தச் செரிசினிலிருந்தும், சேலைக்கு வேண்டிய பைப்ராயினிலிருந்தும் காயத்துக்கான ஜெல்கள் செய்ய முடியுமா என்று உலகின் பல ஆய்வகங்களில் ஆராய்கிறார்கள். அறுவை சிகிச்சையில் தையல் போடப் பட்டு நூலைப் பயன்படுத்துவது பல காலமாக இருக்கும் வழக்கம்தான்.

ஆட்டுக்கால் பாயாவும் ஹைட்ரஜெல்லும்

ஹைட்ரஜெல் என்றால் ஏதோ புரியாத பொருள் என்று நினைக்க வேண்டாம். ஆட்டுக்கால் பாயாவை இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அல்வா மாதிரி கெட்டியாகித் தளதளவென்று ஆடும். அதுதான் ஹைட்ரஜெல்!

நடந்தது என்ன? காலில் இருந்த காலஜனைக் கொதிக்க வைத்ததும், ராமச்சந்திரன் கண்டுபிடித்த அந்த மூன்று இழை முறுக்கு பிரிந்துவிடுகிறது. பிரிந்த இழைகளுக்குப் பெயர் ஜெலட்டின். ஆறும்போது இழைகள் அங்கங்கே திரும்ப முறுக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. அந்த முடிச்சுகள் சேர்ந்து ஒரு வலை ஆகிறது. அந்த வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இந்த மாதிரி வலைதான் ஹைட்ரஜெல்.

இப்போது அந்தத் தண்ணீரில் ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்துவிட்டால்? புண்ணின் மீது வைத்ததும் மருந்து வலைக் கண்கள் வழியாகக் கசியும். வலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்போது மீதியும் வெளியே வரும். ரத்த ஓட்டத்தை நம்பியிருக்க வேண்டாம். தேவையான இடத்தில் அதிக மருந்து, மற்ற உடம்பில் குறைந்த மருந்து. புண்ணும் காயாமல் ஈரப்பதத்தோடு இருக்கும். சவால் என்னவென்றால், எல்லா மருந்தும் முதல் நாளே கொட்டிவிடாமல் வலையின் கண்களை அளந்து அமைக்க வேண்டும். அதற்கு இழை எப்படி முறுக்குகிறது, எங்கே பிரிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ராமச்சந்திரனுக்குக் காலஜன் கொடுத்த அதே அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், பிற்காலத்தில் காலஜனில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றிக் காயக் கட்டு செய்து, தொற்று உள்ள புண்களில் எலிகளிடம் சோதித்தார்கள். ஜென்டாமைசின் ஏற்றிய காலஜன் பஞ்சுகள் வெளிநாடுகளில் அறுவை சிகிச்சையில் பயன்பாட்டுக்கே வந்துவிட்டன.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் புண்ணுக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. தொற்று இல்லாத புண்ணில் மருந்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும், நிஜமாகத் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது. எந்தக் கட்டு, எந்த மருந்து என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. வலி இல்லை என்பதற்காகக் காயம் இல்லை என்று ஆகிவிடாது.

சி.டி. ஸ்கேனிலும் அவர் கை

ராமச்சந்திரன் காலஜனோடு நிற்கவில்லை. 1970-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிரி இயற்பியலுக்குத் தனித் துறையை உருவாக்கினார். 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே தகவல்களிலிருந்து உள்ளுறுப்பின் படத்தை விரைவாகத் திரும்ப உருவாக்கும் கணக்கு முறையைக் கொடுத்தார். சி.டி. ஸ்கேன் தொழில்நுட்பத்துக்கு அது பெரிய உதவி. காயம் ஆறுவதில் ஒரு கை, காயத்தைப் பார்ப்பதில் இன்னொரு கை!

1961-ல் பட்நாகர் விருது, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, 1999-ல் படிகவியலின் மிகப்பெரிய கௌரவங்களில் ஒன்றான எவால்ட் பரிசு. நோபல் மட்டும் வரவில்லை. பிற்காலத்தில் இந்தியத் தர்க்க மரபையும் நவீனக் கணிதத்தையும் சேர்த்துப் பார்ப்பதில் மூழ்கினார். கர்நாடக இசையிலும் ஈடுபாடு இருந்தது.

1998-ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். அந்த இழப்பு அவரை உலுக்கியது. ஏற்கெனவே உடல்நிலை சரியில்லாத அவர், 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் காலமானார். வயது 78.

காஞ்சிபுரத்தில் தறி மிதிக்கும் ஒருவரின் காலில் புண் ஆறும்போது, உள்ளே மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு புதுத் தோலை நெய்துகொண்டிருக்கும். மேலே அவர் பட்டு நெய்கிறார், கீழே அவர் உடம்பு காலஜன் நெய்கிறது. அந்த இரண்டாவது தறி எப்படி ஓடுகிறது என்று முதலில் கண்டு சொன்னவர், கங்காரு வாலை வைத்துக்கொண்டு கிண்டியில் கணக்குப் போட்ட ஒரு கோபாலசமுத்திரத்துக்காரர்.